இறைவன் தேர்வும் மனிதன் விருப்பமும்

நாம் வாழும் இந்நாட்டில் கிறிஸ்தவ அன்பர்கள் நமக்கு அண்டை வீட்டார். நம்மோடு ஒரே அலுவலகத்தில் ஊழியம் பார்ப்போர். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய மார்க்கத்தைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்பது மிகச் சொற்பம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குச் செல்வார்கள், டிசம்பரில் பண்டிகை கொண்டாடுவார்கள் என்பதற்கு மேல் நாம் கேட்டறிந்ததில்லை. அவர்களுடைய அறிஞர்களை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக உறங்க விடாத கேள்வி ஒன்று உண்டு. அதை ஆராய்வது நமக்கும் பயன் தரும். ஏனெனில், மனிதனாகப் பிறந்த எவனையும் அக்கேள்வி விட்டதில்லை.

கேள்வி இதுதான். மனிதன் பாவத்தில் விழுந்து கிடக்கிறான். தன் முயற்சியால் மட்டும் அவனால் எழ முடியாது. இறைவனின் கிருபையே அவனைத் தூக்கி நிறுத்துகிறது. அதுவே இரட்சிப்பு என்பது கிறிஸ்தவ மதத்தின் போதனை. நல்லது. அந்தக் கிருபை சிலரைத் தொடுவதையும் சிலரைத் தொடாமலே போவதையும் காண்கிறோமே, அது யாருடைய தீர்மானம்? உலகைப் படைப்பதற்கு முன்னரே இன்னார் இரட்சிக்கப்படுவார் என்று இறைவன் பெயர் குறித்துவிட்டானா? குறித்துவிட்டான் என்றால், மனிதன் செய்வதற்கு என்ன மிச்சமிருக்கிறது? அவ்வாறன்று, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையிலேயே இருக்கின்றன என்றால், இரட்சிப்பு என்பது முடிவில் மனிதனுடைய சாமர்த்தியமாகப் போய்விடாதா? தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் கயிறு வீசப்படுகிறது. பிழைத்து வந்தவன் கயிறு வீசியவனைப் போற்றுவானா, கயிற்றைப் பிடித்த தன் கையைப் போற்றுவானா?

இரு தரப்பாருக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு. பவுல், ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், யாக்கோபும் (நாம் யஃகூப் நபி என்போம்) அவர் சகோதரர் ஏசாவும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்னரே, ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பேசுகிறார். குயவனையும் களிமண்ணையும் உவமை காட்டுகிறார். அதே பவுலின் பெயரால் வழங்கும் இன்னொரு நிருபமோ, எல்லா மனிதரும் இரட்சிப்படைய வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் என்கிறது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நம்ப வேண்டியவன் கிறிஸ்தவன். சண்டை வராமல் என்ன செய்யும்?

சண்டையை முதலில் மூட்டியவர் பெலாஜியஸ் என்னும் பிரிட்டன் தேசத்துத் துறவி. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமாபுரியில் வாழ்ந்தவர். பேருக்குக் கிறிஸ்தவராகி, ஒழுக்கத்தில் பழைய வாழ்க்கையையே வாழ்ந்து கொண்டிருந்த பெரிய குடும்பத்தாருக்கு அவர் நல்லொழுக்கம் போதித்து வந்தார். அக்காலத்தில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா) அத்தியட்சராக இருந்த அகுஸ்தீன், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டிருந்தார். இறைவன் எதைக் கட்டளையிட்டாலும் அதைச் செய்யும் வல்லமையையும் அவனே தந்தருள வேண்டும் என்ற கருத்தில் ஒரு பிரார்த்தனை அதிலே வருகிறது. அதை ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்ட பெலாஜியஸ் பொறுக்கமாட்டாமல் சினந்து எழுந்தார் என்று அகுஸ்தீனே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. செய்ய முடியாததைச் செய்யச் சொல்லித் தண்டிக்கும் எஜமான் நீதிமான் ஆவானா? கட்டளை இருக்கிறதென்றால் செய்யும் ஆற்றலும் மனிதனிடம் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் அகுஸ்தீன் வேறோர் அனுபவத்திலிருந்து பேசினார். வாலிபத்தில் தம் இச்சைகளோடு ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்றவர் அவர். கையை உயர்த்து என்றால் கை உயர்கிறது. திருந்து என்றால் மனம் திருந்தவில்லையே என்று திகைத்தவர். அப்படிப்பட்டவரிடம் போய், உன்னால் முடியும், செய் என்பது, காலொடிந்தவனை ஓடச் சொல்வதற்குச் சமம். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய சபை பெலாஜியஸின் கொள்கையைத் தள்ளிற்று. தள்ளியதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

அது எங்கே மறுபடி முளைத்தது என்பதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஹத்ருமெத்தும் என்பது இன்றைய துனீஸியாவின் ஸூஸா நகரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், 426-ஆம் ஆண்டு வாக்கில், அங்கே ஒரு துறவி மடம் இருந்தது. ஃப்ளோரஸ் என்ற துறவி வெளியூர் சென்றிருந்தபோது அகுஸ்தீனின் கடிதம் ஒன்றைக் கண்டு பிரதி எடுத்து மடத்துக்கு அனுப்பினார். எல்லாம் கிருபையால் ஆகிறது, மனிதன் தகுதியால் அன்று என்பது அக்கடிதத்தின் சாரம். மடத்தில் கலகம் மூண்டது. சிலர் அதை ஏற்றனர். சிலர், அப்படியானால் மனித சித்தம் என்று ஒன்று இல்லவே இல்லையா என்று கேட்டனர். மடத் தலைவர் வாலன்டீனஸ் என்ன செய்வதென்று அறியாமல் நின்றார். முடிவில் இரண்டு இளந்துறவிகள் அகுஸ்தீனை நேரில் காணப் புறப்பட்டனர். கிழவர் அவர்களைத் தம்மிடம் தங்கவைத்துப் பாடம் சொல்லி, ஒரு நூலும் எழுதிக் கொடுத்தனுப்பினார்.

அதன் பின்னரும் ஒரு கேள்வி வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு இந்த ஆயிரத்து அறுநூறு ஆண்டு விவாதத்தின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. நன்மை செய்யும் வல்லமை மேலிருந்து வருவதென்றால், தவறு செய்த துறவியை மடத் தலைவர் ஏன் கண்டிக்க வேண்டும்? எனக்கு அந்த வல்லமை வரவில்லை. நீர் எனக்காகப் பிரார்த்தனை செய்யும், அதட்டாதீர் என்று ஒருவன் சொன்னால் என்ன பதில்? சிரிப்பாக இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குப் போகாத மகன் தகப்பனிடம், கடன் வாங்கித் திருப்பாதவன் கொடுத்தவனிடம், சூதாடிக் கூலியைத் தொலைத்தவன் மனைவியிடம் இதையேதான் சொல்கிறான். என் விதி அப்படி என்கிறான்.

அகுஸ்தீன் இதற்கென்றே இரண்டாவது நூல் ஒன்று எழுதினார். தேர்ந்தெடுக்கப்பட்டோர் யார், அல்லாதார் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாதபடியால், எல்லோரும் இரட்சிப்படைய வேண்டும் என்ற அன்போடு எல்லோரையும் கண்டிப்பதும் வேண்டுவதும் நம் கடன். கண்டிப்பே ஒருவனுக்குக் கிருபை வந்து சேரும் வாய்க்காலாகவும் இருக்கலாம் என்பது அதில் ஒரு பகுதியின் கருத்து. இதில் பாதிக் கேள்விக்குத்தான் விடை உண்டு. பட்டியல் நமக்குத் தெரியாது என்பது சரி. பட்டியல் ஒன்று இருந்தால், அதில் இல்லாதவன் செய்த குற்றம் என்ன? அங்கே அகுஸ்தீன், இறைவனின் நீதி மறைவானது, அநீதி அன்று என்று கைகூப்பி நின்றுவிடுகிறார். நிற்பது அவருடைய பணிவு. கேட்டவனுக்கு அது விடையாகாது.

ஜபரிய்யா, கதரிய்யா என்ற பெயர்களைக் கேள்வியுற்ற நம் வாசகர்களுக்கு இதெல்லாம் பழகிய பாதையாகவே இருக்கும். களா கதர் பற்றி நம் உலமாக்கள் நடத்திய விவாதங்களை இங்கே இழுக்கப் போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது. முன்குறித்தல் என்பது ஏதோ அந்நியருடைய விசித்திரம் என்று புன்னகைத்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளை விரைவாகக் கடப்போம். 529-இல் பிரான்சு தேசத்து ஆரஞ்சு நகரில் கூடிய சபை, கிருபையே முந்துகிறது என்றும், ஆயினும் இறைவன் எவனையும் தீமைக்கென்று முன்குறித்தான் என்று சொல்லலாகாது என்றும் தீர்த்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமன் கத்தோலிக்கரிடையே தொமினிக்கன் துறவிகளும் ஏசு சபையாரும் இதே விஷயத்தில் மோதி, வழக்கு போப்பாண்டவர் முன் போயிற்று. பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1607-இல் ஐந்தாம் பவுல் போப்பு, தீர்ப்பு ஏதும் கூறாமல், ஒருவரையொருவர் மதவிரோதி என்று தூற்றக் கூடாது என்று மட்டும் சொல்லி இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார். தீர்ப்புச் சொல்லாதிருக்கவும் தைரியம் வேண்டும். அந்தப் போப்பை நான் மெச்சுகிறேன்.

புரொட்டஸ்டண்டு மதத்தாரிடம் அப்படி நடக்கவில்லை. ஜெனீவாவின் கால்வின் தம் பெருநூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய ஆக்கினைக்கும் முன்குறிக்கப்பட்டனர் என்று பட்டவர்த்தனமாக எழுதினார். அது நெஞ்சை நடுங்கச் செய்யும் தீர்மானம் என்று அவரே ஒப்புக்கொண்டார். கால்வினைக் கல்நெஞ்சர் என்று சொல்வது வழக்கம். அவர் காலத்துப் பிரான்சில் அவர் கூட்டத்தார் கொளுத்தப்பட்டனர். ஊரைவிட்டு ஓடி அகதிகளாயினர். வீடு வாசல் இழந்து ஓடிவந்தவனுக்கு, உன்னை இறைவன் உலகம் உண்டாகுமுன்னே தேர்ந்துகொண்டான், எந்த அரசனாலும் அதை அழிக்க முடியாது என்ற சொல் எப்படி இருந்திருக்கும்! அவனுக்கு அது பயமுறுத்தலாக இருந்திருக்காது. பிடித்துக்கொள்ளக் கிடைத்த ஒரே தூணாக இருந்திருக்கும்.

அதே சொல், அகதியின் வாயிலிருந்து அரசாங்கத்தின் வாய்க்கு மாறியபோது என்ன ஆயிற்று என்பதற்கு ஹாலந்து தேசம் சாட்சி. இந்தக் கதைக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு.

யாக்கோபுஸ் அர்மீனியஸ் என்பவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போதகர். 1575-இல் அவர் பிறந்த ஊரை ஸ்பானியப் படை சூறையாடியபோது குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர். ஜெனீவாவிலேயே பயின்றவர். 1601, 1602-ஆம் ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் கொள்ளைநோய் பரவியபோது வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்கு ஆறுதல் கூறினார். தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்ற உறுதி உள்ளத்தில் தோன்றவில்லையே என்று மரணப் படுக்கையில் கலங்கிய நல்ல விசுவாசிகளை அவர் கண்டார். 1603-இல் லைடன் சர்வகலாசாலையில் பேராசிரியரானதும் கோமாரஸ் என்ற சக பேராசிரியரோடு வாதம் மூண்டது. யார் விசுவாசிப்பார்கள் என்பதை இறைவன் முன்னறிந்து, அவ்வாறு விசுவாசிப்போரைத் தேர்ந்தான். கிருபை இல்லாமல் எவனும் எழ முடியாது, ஆனால் வரும் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியும் என்பது அர்மீனியஸின் நிலை. 1609-இல் அவர் இறந்தார். மறு ஆண்டே அவர் கட்சியார் ஐந்து அம்சங்களில் தங்கள் விண்ணப்பத்தை அரசாங்கத்துக்கு எழுதினர்.

அர்மீனியஸின் விடையால் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மறுப்பான் என்று முன்னறிந்தே ஒருவனைப் படைத்தான் என்றால், கேள்வி ஒரு படி பின்னால் தள்ளி நிற்கிறதே தவிர ஓடிவிடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மரணப் படுக்கையில் கிடப்பவனிடம், உனக்காகவும்தான் கிறிஸ்து மரித்தார் என்று அர்மீனியஸால் சந்தேகமின்றிச் சொல்ல முடிந்தது. எதிர்க்கட்சிப் போதகர் அதைச் சொல்லுமுன் மனத்துக்குள் ஒரு ‘ஒருவேளை’யை விழுங்க வேண்டியிருந்தது.

வாதம் பள்ளியோடு நிற்காமல் அரசியலில் புகுந்தது. ஹாலந்தின் பெரிய மந்திரி ஓல்டன்பார்னவெல்ட், சிறுபான்மையாக இருந்த அர்மீனியஸ் கட்சிக்குப் பாதுகாப்பு அளித்தார். படைத்தலைவர் மாரிஸ் இளவரசர் எதிர்க்கட்சியோடு சேர்ந்தார். மத விஷயம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஸ்பெயினோடு சமாதானமா யுத்தமா, மாகாணங்களுக்கு அதிகாரமா மத்திய சபைக்கு அதிகாரமா என்ற பகைகளும் அதில் கலந்திருந்தன. 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் கைதானார். நவம்பரில் டோர்ட் நகரில், பல நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் பிரதிநிதிகளும் வந்திருக்க, பெரிய மாநாடு கூடியது. அர்மீனியஸ் கட்சியார் அங்கே குற்றவாளிகளைப் போல அழைக்கப்பட்டு, 1619 ஜனவரியில் வெளியேற்றப்பட்டனர். தேர்வு நிபந்தனையற்றது, தேர்ந்தவரிடம் கிருபை தோற்பதில்லை என்று மாநாடு மே மாதம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய இருநூறு போதகர்கள் ஊழியம் இழந்தனர். அதே மே மாதம் 13-ஆம் நாள், எழுபத்தோரு வயதுக் கிழவரான ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

யார் இந்த ஓல்டன்பார்னவெல்ட்? போட்டியிட்டுக் கொண்டிருந்த வர்த்தகக் கூட்டங்களை 1602-இல் ஒன்றிணைத்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்குவதில் முன்னின்றவர். அக்கம்பெனிதான் 1641-இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அவரோடு கைதாகி ஆயுள்தண்டனை பெற்றவர் சட்ட நிபுணர் ஹியூகோ குரோட்டியஸ். 1603-இல் சிங்கப்பூருக்குக் கிழக்கே போர்த்துக்கீசியரின் சாந்தா கத்தரினா கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினார்களே, அச்செயலை நியாயப்படுத்த எழுதப் புகுந்து, கடல் யாவர்க்கும் பொது என்ற புகழ்பெற்ற வாதத்தை உண்டாக்கியவர் அவரே. 1621 மார்ச்சில் அவர் மனைவி, புத்தகம் கொண்டுவரும் பெட்டிக்குள் கணவரை ஒளித்துச் சிறையிலிருந்து தப்புவித்தாள். சிறையில் இருக்கும்போது அவர் டச்சுச் செய்யுளில் ஒரு மத விளக்க நூல் இயற்றினார். கிழக்கே வந்து முஸ்லிம்களோடும் பிறரோடும் பழகப் போகும் மாலுமிகளுக்காக எழுதியது அது! மலாக்கா சதுக்கத்தில் 1753-இல் டச்சுக்காரர் கட்டி முடித்த செந்நிறக் கோவிலைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. இன்று அது ஆங்கிலிக்கன் கோவில். அதைக் கட்டிய சபையாரின் விசுவாசப் பிரமாணத்தில் டோர்ட் தீர்ப்பும் ஒன்று.

டோர்ட் மாநாட்டாருக்கும் நியாயம் செய்ய வேண்டும். குழந்தைப் பருவத்தில் இறந்த பிள்ளைகளின் தேர்வைப் பற்றி விசுவாசிகளான பெற்றோர் ஐயப்படலாகாது என்று அவர்கள் எழுதி வைத்தனர். உள்ளத்தில் உறுதி தோன்றாதவர்கள், தாம் தள்ளப்பட்டோம் என்று எண்ணி அஞ்ச வேண்டாம் என்றும் எழுதினர். பிள்ளையைப் புதைத்த தாயின் முகம் அவர்கள் கண்முன் இருந்திருக்க வேண்டும். அந்த முகம் வந்தவுடன் தர்க்கம் சற்றே வழிவிடுகிறது.

ஆனால் எழுதி வைத்த ஆறுதல் எல்லோரையும் எட்டவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் ஒருவர் போதும். சித்தம் கலங்கும் நோய்க்கு ஆளானவர். முன்பு அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து பின் போதகரான ஜான் நியூட்டன் அவருக்கு உற்ற நண்பர். இருவரும் சேர்ந்து இயற்றிய ஞானப்பாட்டுகள் 1779-இல் நூலாக வந்தன. பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் அவற்றைப் பாடி ஆறுதல் அடைந்தனர். பாடியவருக்கோ ஆறுதல் இல்லை. 1773-இல் கண்ட ஒரு கனவுக்குப் பின், தாம் மட்டும் இறைவனால் கைவிடப்பட்டவர் என்று கூப்பர் உறுதியாக நம்பிவிட்டார். கோவிலுக்குப் போவதை விட்டார். பிரார்த்தனை செய்யவும் தமக்கு அனுமதி இல்லை என்றார். நியூட்டனும் முன்குறித்தலை நம்பியவர்தாம்; ஆயினும் நீர் எண்ணுவது பொய் என்று நண்பரிடம் மன்றாடியும் பலனில்லை. இருபத்தேழு ஆண்டுகள் அந்த இருளிலேயே வாழ்ந்து 1800-இல் கூப்பர் மாண்டார். அந்நோய்க்குக் கொள்கைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மனநோய் எந்த மதத்தானையும் பிடிக்கும். ஆனால் நோய் தன் பேச்சுக்கு வேண்டிய சொற்களை அக்கொள்கையிலிருந்து எடுத்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது எனக்குத் தோன்றுவது இது. தேர்வு என்ற போதனை, கடந்துவந்த தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பவனின் நன்றிச் சொல்லாகப் பிறந்தது. என்னால் ஆகவில்லை, என்னைக் கைப்பிடித்து ஒருவன் நடத்தினான் என்று அவன் சொல்லும்போது அதை மறுக்க எவருக்கும் வாயில்லை. பிறன் ஒருவனைச் சுட்டி அதைச் சொன்னாலும், நாளைய தன்னைப் பற்றிச் சொன்னாலும், அதே சொல் திறக்காத ஏட்டைப் படித்துவிட்டதாகக் கூறும் பொய் ஆகிறது. ஹேக் நகரத்துக் கொலைமேடையும் கூப்பரின் பூட்டிய அறையும் அந்த ஏட்டைப் படிக்கப் புகுந்ததால் வந்தவை. சுயவிருப்பம் என்ற போதனைக்கும் இதே சோதனை உண்டு. முன்னே கிடக்கும் கடமையைப் பார்த்து, செய்வது என் பொறுப்பு என்பவன் உண்மை பேசுகிறான். விழுந்து கிடப்பவனைப் பார்த்து, எழாதது உன் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் தன் கால் எப்படித் தனக்குக் கிடைத்தது என்பதை மறந்தவன்.

இவ்விஷயத்தில் பிளந்தும் முறியாத நட்பு ஒன்றும் உண்டு. மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி அர்மீனியஸ் பக்கம். அவர் தோழர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். 1739-இல் வெஸ்லி முன்குறித்தலைக் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கித்து, அதை அச்சிட்டார். விட்ஃபீல்ட் அமெரிக்காவிலிருந்து 1740 டிசம்பரில் மறுப்பு எழுதினார். அதிலே ஓர் இரகசியத்தையும் போட்டு உடைத்தார். அந்தப் பிரசங்கத்தைச் செய்யலாமா, அச்சிடலாமா என்று வெஸ்லி சீட்டுக் குலுக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்தாராம்! மனித விருப்பத்தின் வக்கீல், தம் விருப்பத்தை நம்பாமல் சீட்டை நம்பியிருக்கிறார். இருவரும் சில காலம் பிரிந்து நின்று, பின்னர் மனம் பொருந்தினர். கொள்கையில் ஒருவரும் மாறவில்லை. 1770 செப்டம்பரில் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் காலமானார். அவர் விருப்பப்படி நவம்பர் 18-ஆம் நாள் இலண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. நண்பருடைய அன்பையும் உழைப்பையும் நெடுநேரம் புகழ்ந்தார். முன்குறித்தலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டாரே என்று விட்ஃபீல்டின் கூட்டத்தாரில் சிலர் பத்திரிகையில் எழுதிக் குறைபட்டனர்.